பழுப்பு நிறம் யாருடையது? லோபுலார் மார்பகப் புற்றும் மூன்று நிணநீர்க்கணுக்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க எல்லோருக்கும் தெரியும். அந்த நெறியை, அதாவது நிணநீர்க்கணுவை, மெழுகில் பதித்து 4 மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயமிட்டுப் பார்ப்பது நோய்க்குறியியல் மருத்துவர்களான எங்கள் வேலை. அதில் எங்களை அதிகம் ஏமாற்றுவது பெரிய கட்டிகள் அல்ல. தனித்தனியாக நிற்கும் சில நூறு செல்கள்தான்.

இங்கே எழுதுவது அப்படிப்பட்ட ஒரு நிகழ்வு. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஒரே மாதிரியான சில நிகழ்வுகளில் கண்டவற்றை இதில் ஒன்றாகவும் சேர்த்திருக்கிறேன். சாயங்கள் காட்டியதும் நாங்கள் தடுமாறிய இடங்களும் உள்ளபடியே இருக்கின்றன.

நோயாளியும் முதல் பயாப்ஸியும்

58 வயதுப் பெண். மாதவிடாய் நின்று ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "கட்டின்னு சொல்ல முடியல டாக்டர். இந்தப் பக்கம் மட்டும் தடிச்ச மாதிரி, கெட்டியா இருக்கு" என்று அவர் சொன்னதை அறுவை மருத்துவர் எங்களுக்கு அனுப்பிய படிவத்தில் அப்படியே எழுதியிருந்தார். படிவத்தில் "மார்பகப் புற்றா?" என்ற இரண்டு சொல்லோடு வரும் திசுக்களே அதிகம். நோயாளியின் சொற்கள் எங்கள் மேசை வரை வருவது அபூர்வம், வந்தால் அவ்வளவு உதவியாக இருக்கும். உருண்டு திரண்ட கட்டி இல்லாமல் தடிப்பாக மட்டும் தெரிவது லோபுலார் (பால் சுரக்கும் சிறுமடல்களின் பெயர் கொண்ட) வகைப் புற்றின் குணம். மாமோகிராமிலும் கட்டி இல்லை, திசுவின் அமைப்பு ஓரிடத்தில் இழுபட்டிருந்தது.

ஊசி பயாப்ஸியில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. சிறிய, அடக்கமான செல்கள் நாரிழைகளுக்கு நடுவே எறும்பு வரிசை போல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சாதாரண பால்நாளம் ஒன்றைச் சுற்றி வளையம் வளையமாகவும் நின்றன. இனி வரும் சாயங்களில் பெரும்பாலானவை, தேடும் புரதம் இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டுபவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான ஈஆர் சாயம் கருக்களில் அடர்ந்து பிடித்தது, ஹெர்2 என்ற புரதம் இல்லை. ஈ-கேடரின் சாயத்தில் அந்தப் பால்நாளத்தின் செல்களைச் சுற்றிப் பேனாவால் வரைந்தது போலப் பழுப்புக் கோடு தெரிந்தது. அதே கண்ணாடியில், அரை மில்லிமீட்டர் தள்ளி நின்ற புற்றுச் செல்களில் ஒன்றுமே இல்லை. பி120 என்ற துணைப்புரதம் செல்லின் விளிம்பை விட்டு உள்ளே சிதறிக் கிடந்தது.

அந்த ஈ-கேடரின் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாம் அது இல்லாததால் வந்தவை. செல்லின் மேலுறையிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் ஒட்டுப்புரதம் அது. வெளியே ஐந்து கண்ணிகள் இருக்கும். கண்ணிகளுக்கு இடையே கால்சியம் உட்கார்ந்தால்தான் அது விறைத்து நின்று பக்கத்துச் செல்லின் ஈ-கேடரினைப் பிடிக்கும். உள்ளே அதன் வால் பி120, பீட்டா-கேடெனின் போன்ற புரதங்களைப் பற்றிக்கொண்டு, அவற்றின் வழியாகச் செல்லின் ஆக்டின் இழைகளோடு சேர்ந்திருக்கும். செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளக் கால்சியம் வேண்டும் என்பதை ஜப்பானின் மசாதோஷி டாகேய்ச்சி 1977இல் காட்டினார். கேடரின்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

லோபுலார் என்ற பெயரை நியூயார்க்கில் ஃபூட், ஸ்டூவர்ட் என்ற இருவர் 1941இல் வைத்தார்கள். காரணம் தெரிய இன்னும் 54 ஆண்டுகள் ஆயின. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கேர்ட் பெர்க்ஸ் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வில்தான், இந்தப் புற்றில் 16ஆம் குரோமோசோமில் உள்ள ஈ-கேடரின் மரபணுவே பழுதாகியிருப்பது தெரிந்தது. பெரும்பாலும் ஒரு பிரதியில் பிறழ்வு இருக்கும், மறுபிரதி அப்படியே தொலைந்திருக்கும். மார்பகப் புற்றின் இன்னொரு வகையான நாள வகைப் புற்று தொடுத்த பூ என்றால் லோபுலார் உதிரிப் பூ. பூ அதே பூதான், நார் இல்லை.

இந்த மரபணுப் பழுது பிறப்பிலேயே வரும் குடும்பங்களும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பரவலான வகை இரைப்பைப் புற்றுக்குக் காரணம் இதுதான் என்று 1998இல் கண்டார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் பெண்களுக்கு லோபுலார் மார்பகப் புற்றும் கூடுதலாக வருகிறது. அதனால் இரைப்பைப் புற்று வந்த உறவினர் யாராவது உண்டா என்று கேட்கச் சொன்னோம். யாருக்கும் இல்லை என்றார்கள்.

அறுவை நாள்

மார்பகத்தை முழுதாக எடுக்காமல் நோயுள்ள பகுதியை மட்டும் நீக்கினார்கள். புற்று இருந்த பகுதி 2.6 செ.மீ., ஓரங்களில் நோய் இல்லை. நீலச் சாயம் செலுத்தி, மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுக்களை, அதாவது சென்டினல் கணுக்களை, அக்குளிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். மூன்று கணுக்கள் வந்தன. பெரியது 14 மி.மீ., சிறியது 6 மி.மீ. மூன்றையும் 2 மி.மீ. துண்டுகளாக நறுக்கினோம். அறுவை அரங்கில் காத்திருக்கிறார்கள் என்பதால் உறைய வைத்துச் சீவும் ஃப்ரோஸன் முறையில் பார்த்தேன். மூன்றிலும் புற்று தெரியவில்லை என்று தொலைபேசியில் சொன்னது நான்தான்.

லோபுலார் விஷயத்தில் ஃப்ரோஸன் முடிவை முழுதாக நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும், அறுவை மருத்துவருக்கும் தெரியும். "இப்போதைக்கு இல்லை, மெழுகு வெட்டு பார்த்துச் சொல்கிறேன்" என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் மெழுகு வெட்டுகள் வந்தன. எச்&ஈ என்ற வழக்கமான சாயத்தில் மூன்று கணுக்களும் பார்வைக்குச் சுத்தமாக இருந்தன. முதல் கணுவில் மட்டும், உறைக்குக் கீழே நிணநீர் வந்து விழும் இடைவெளியில் கொஞ்சம் நெரிசல். வெளிறிய, வட்டமான செல்கள். அந்த இடத்தில் ஹிஸ்டியோசைட்டுகள், அதாவது கழிவை விழுங்கும் செல்கள், கூட்டமாக நிற்பது அன்றாடக் காட்சி. லோபுலார் செல்லும் கிட்டத்தட்ட அதே உருவம்தான். கணுவை நிரப்பியிருக்கும் வெள்ளணுவான லிம்போசைட்டைவிடச் சற்றே பெரிய கரு, ஓரமாக ஒதுங்கியிருக்கும், சில செல்களில் உள்ளே ஒரு சிறு குமிழ். நாள வகைப் புற்றாக இருந்தால் செல்கள் கூட்டமாக, சுரப்பி போல, தீவு தீவாக நிற்கும். குறைந்த உருப்பெருக்கத்திலேயே கண்ணில் படும். ஒட்டுப்புரதம் இல்லாத செல்லுக்குத் தீவு கட்டத் தெரியாது. லிம்போசைட் கூட்டத்துக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து நின்றுவிடும்.

கேரட்டின் சாயம்

எல்லாச் சென்டினல் கணுவுக்கும் கேரட்டின் சாயம், அதாவது தோல், சுரப்பி போன்றவற்றின் செல்களில் இருக்கும் கேரட்டின் என்ற புரதத்தைக் காட்டும் சாயம், போட வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. 2011இல் வந்த இசட்0010 என்ற மருத்துவ ஆய்வில், சாயத்தால் மட்டுமே தெரிந்த நுண்ணிய பரவல்கள் நோயாளிகளின் ஆயுளில் வேறுபாடு காட்டவில்லை. ஆனாலும் லோபுலார் என்றால் நாங்கள் போட்டுவிடுகிறோம். எச்&ஈ-யில் என் கண்ணுக்கு இருக்கும் வரம்பு எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

அந்த வாரம் எங்களிடம் ஏஇ1/ஏஇ3 தீர்ந்திருந்தது. "மேடம், அது வர நாலு நாள் ஆகும். கேம் 5.2 இருக்கு, போடட்டுமா?" என்று டெக்னீஷியன் கேட்டார். சரி என்றேன். இரண்டுமே கேரட்டின் எதிர்ப்பொருள்கள்தான், ஆனால் பிடிக்கும் கேரட்டின்கள் ஒன்றல்ல. கேம் 5.2 முக்கியமாகக் கேரட்டின் 8-ஐப் பிடிக்கும். ஏஇ1/ஏஇ3 கலவை இன்னும் பலவற்றைப் பிடிக்கும்.

மாலையில் ஸ்லைடுகள் வந்ததும் பிஜி மாணவிதான் முதலில் பார்த்தார். ஓடி வந்தார். "மேடம், மூணு கணுவிலும் பாசிட்டிவ்!"

உட்கார்ந்து பார்த்தேன். உண்மையிலேயே மூன்றிலும் பழுப்பு. முதல் கணுவில் நிறைய, மற்ற இரண்டில் ஆங்காங்கே. மூன்று கணுக்களிலும் நோய் என்று எழுதினால் அந்த அம்மாவுக்கு என்ன நடக்கும் என்று அந்த இடத்திலேயே யோசித்தேன். சென்டினல் கணுக்களில் ஒன்றிலோ இரண்டிலோ நோய் இருந்தால், மார்பகத்தைத் தக்கவைத்துக் கதிர்வீச்சு கொடுக்கும்போது அக்குளை முழுதாகத் துப்புரவாக்கத் தேவையில்லை என்று 891 பெண்களிடம் நடந்து 2011இல் வெளியான இசட்0011 ஆய்வு காட்டியது. மூன்று என்றால் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். மறுபடி அறுவை, அக்குளில் மிச்சமுள்ள கணுக்களும் போகும், அப்புறம் ஆயுளுக்கும் கை வீங்கும் அபாயம். என் அறிக்கையில் ஓர் எண்ணிக்கை மாறினால் அவருடைய கை மாறும்.

மூன்றாவது கணுவில் நின்றது

எங்களை நிறுத்தியது மூன்றாவது கணு. அதில் உறைக்குக் கீழுள்ள இடைவெளி காலியாக இருந்தது. பழுப்பு நிறம் நடுப்பகுதியில், லிம்போசைட் உருண்டைகளுக்கு வெளியே, இரத்தக் குழாய்களை ஒட்டி இருந்தது. 40 லென்ஸைத் திருப்பினோம். ஒவ்வொரு செல்லிலிருந்தும் மெல்லிய கிளைகள் நீண்டு, லிம்போசைட்டுகளுக்கு இடையே நுழைந்து, பக்கத்துச் செல்லின் கிளையைத் தொட்டன. கரு சின்னது, வெளிறியது, பழுப்புக்குள் கிட்டத்தட்ட மறைந்திருந்தது. மையில் நனைத்த சிலந்தி வலை போல இருந்தது. "இதுல செல் எது, நார் எதுன்னே தெரியல மேடம்" என்றார் மாணவி. அவர் குழப்பமாகச் சொன்ன அந்த வார்த்தைதான் விடை.

நிணநீர்க்கணு வெறும் லிம்போசைட் மூட்டை அல்ல. அதற்குள், கட்டடத்துக்குக் கட்டுவது போல, ஒரு சாரம் இருக்கிறது. கொலாஜன் 3 முதலிய புரதங்களால் ஆன மெல்லிய ரெட்டிகுலின் நார்கள் கணு முழுக்கப் பின்னியிருக்கும். அந்த நார்களைப் போர்த்திக்கொண்டு ரெட்டிகுலம் செல்கள் நிற்கும். நிணநீரில் வரும் சிறிய மூலக்கூறுகள் இந்த நார்க் குழாய்களின் உள்ளே ஓடும். வெளிப்புறத்தில் லிம்போசைட்டுகள் ஊர்ந்து போகும், சாரத்தின் மேல் கொத்தனார் நடப்பது போல. இந்தச் செல்களில் ஒரு பகுதி கேரட்டின் 8, 18 இரண்டையும், தசைக்கு உரிய டெஸ்மினையும் உண்டாக்குகின்றன. 1987இல் வெர்னர் ஃபிராங்கேயும் ரோலண்ட் மோலும் மனித நிணநீர்க்கணு, டான்சில், மண்ணீரல் மூன்றிலும் இதைக் காட்டி, இவை லிம்போசைட் உருண்டைகளுக்கு வெளியே இருப்பவை என்றும் எழுதினார்கள். கேரட்டின் என்றாலே தோல், சுரப்பி, அவற்றில் பிறந்த புற்று என்று மனப்பாடம் செய்து வளர்ந்த எங்களுக்கு, நோயே இல்லாத கணுவின் சொந்தச் சாரத்தில் அது இருப்பது ஒவ்வொரு முறையும் புதிதாகவே படுகிறது. கேரட்டின் 8-ஐக் குறிவைக்கும் கேம் 5.2 இந்தச் செல்களைப் பளிச்சென்று காட்டிவிடும்.

ஆக, மூன்றாவது கணுவின் பழுப்பு கணுவுக்கே சொந்தமானது. இரண்டாவதிலும் அதே கிளைவிட்ட உருவம், அதே இடம். முதல் கணு மட்டும் வேறு. அங்கே இந்தப் பின்னல் ஒருபுறம் இருக்க, உறைக்குக் கீழேயும் அதை ஒட்டிய புறணியிலும் வட்ட வட்டமான செல்கள். கருவைச் சுற்றி மோதிரம் போலப் பழுப்பு. கிளை கிடையாது. சில இடங்களில் மூன்று நான்கு செல்கள் வரிசையாக. நான் ஹிஸ்டியோசைட் என்று கடந்துபோன அதே நெரிசல்.

உறுதி செய்தது

கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அப்படியே அறிக்கை எழுதிவிட முடியாது. மூன்று கணுக்களின் பிளாக்குகளிலிருந்தும் புது வெட்டுகள் எடுத்தோம்.

முதலில் வெள்ளிச் சாயம். கார்டனும் ஸ்வீட்ஸும் 1936இல் சொன்ன முறை, இன்றும் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கையால்தான் செய்கிறோம். ரெட்டிகுலின் நார்கள் கறுப்பாகத் தெரியும். மூன்றாவது கணுவின் கேம் 5.2 படத்தையும் வெள்ளிச் சாயப் படத்தையும் திரையில் அருகருகே வைத்தபோது, பழுப்புக் கிளைகள் போன அதே தடத்தில் கறுப்பு நார்கள் போயின. மாணவிக்கு அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது ஈஆர். இதுதான் உண்மையில் வழக்கைத் தீர்த்தது. பயாப்ஸியிலேயே இந்தப் புற்று ஈஆர்-ஐ அடர்த்தியாகக் காட்டியிருந்தது. முதல் கணுவின் வட்டச் செல்களில் கருக்கள் பழுப்பாயின. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒரு கரு கூட நிறம் மாறவில்லை. மார்பகச் செல்லைக் காட்டும் காட்டா3 போடலாமே என்று மாணவி கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் டி லிம்போசைட்டுகளும் காட்டா3 உண்டாக்குகின்றன. கணுவுக்குள் அதைப் போட்டுவிட்டு, உதிரியாக நிற்கும் புற்றுச் செல்லைத் தேடுவது நம்மை நாமே சிரமப்படுத்திக்கொள்வது.

ஈ-கேடரின் போடலாமா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. போட்டோம், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. காரணம் எளிது. புற்றுச் செல்லில் ஈ-கேடரின் இல்லை, சுற்றியுள்ள லிம்போசைட்டுகளிலும் இல்லை. நிறமில்லாத கூட்டத்துக்குள் நிறமில்லாத செல் நிற்கிறது. இல்லாத ஒன்று அர்த்தம் பெற வேண்டுமானால், பக்கத்திலேயே இருக்க வேண்டிய ஒன்று இருக்க வேண்டும். மார்பகத்தில் அந்தச் சாதாரண பால்நாளம் இருந்தது. கணுவில் அப்படி எதுவும் இல்லை. லோபுலார் புற்றுகளில் பத்தில் ஒன்று அளவுக்கு ஈ-கேடரின் ஓரளவு சாயம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கணுவில் இந்தச் சாயத்தை நம்பி முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது புரியும்.

நான்கு நாள் கழித்து ஏஇ1/ஏஇ3 வந்தது. முதல் கணுவின் வட்டச் செல்கள் அடர் பழுப்பு. சாரத்துச் செல்கள் வெளிறிப்போய், தேடினால்தான் தெரிந்தன.

எண்ணிக்கை

சரி, முதல் கணுவில் நோய் இருக்கிறது. எவ்வளவு? விதி இது: 0.2 மி.மீ.க்கு மிகாத, 200 செல்களுக்குக் குறைவான படிவு என்றால் தனித்த செல்கள், அந்தக் கணு நோயுள்ள கணுக்களின் கணக்கில் வராது. அதற்கு மேல் 2 மி.மீ. வரை நுண்பரவல். அதையும் தாண்டினால் பெரும்பரவல். லோபுலாரில் அளவுகோல் வேலை செய்யாது, ஏனென்றால் அளக்க ஒரு கட்டியே கிடையாது. எங்கள் ஸ்லைடில் செல்கள் ஏறத்தாழ 4 மி.மீ. நீளத்துக்குச் சிதறியிருந்தன. ஆனால் சேர்ந்து நின்ற மிகப்பெரிய கொத்தில் ஆறேழு செல்கள்தான். இதற்காகத்தான் அந்த 200 என்ற எண்ணை விதியில் வைத்திருக்கிறார்கள்.

ஒரே வெட்டை வரிசையாகப் படமெடுத்து அச்சிட்டு, பேனாவால் புள்ளி வைத்து எண்ணினோம். மாணவி தனியாக, நான் தனியாக. அவருக்கு 312, எனக்கு 335. எந்தச் செல்லைப் பற்றி இருவருக்கும் வேறு கருத்து என்று உட்கார்ந்து பார்த்தபோது, வித்தியாசத்தில் பாதி அந்தக் கிளைவிட்ட சாரத்துச் செல்கள், நான்தான் சிலவற்றைத் தவறாகச் சேர்த்திருந்தேன். எப்படிக் கழித்தாலும் 200-க்கு மேல். நுண்பரவல் என்று எழுதினோம்.

அறிக்கையும் அதன் பிறகும்

அறிக்கையில் இப்படி எழுதினேன்: மூன்று சென்டினல் கணுக்களில் ஒன்றில் லோபுலார் புற்றின் நுண்பரவல், நிலை பிஎன்1எம்ஐ. உறையைத் தாண்டிய பரவல் இல்லை. இரண்டாம், மூன்றாம் கணுக்களில் கேம் 5.2 சாயம் பிடித்த செல்கள் கணுவின் சொந்த ரெட்டிகுலம் செல்கள், புற்று அல்ல. கடைசி வரியைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஸ்லைடுகளை நாளைக்கு வேறு ஊரில் வேறொருவர் இரண்டாம் கருத்துக்காகப் பார்த்தால், நாங்கள் தவறவிட்டுவிட்டோம் என்று அவர் நினைக்கக் கூடாது, நோயாளியும் கலங்கக் கூடாது. ஃப்ரோஸனில் இல்லை என்று சொன்னதும் மெழுகு வெட்டில் மாறியதும் அறிக்கையில் தனியாக இடம்பெற்றன. அறுவை மருத்துவரை நானே கூப்பிட்டும் சொன்னேன்.

புற்றுநோய்க் குழுக் கூட்டத்தில் இதைப் பேச நேரம் அதிகம் ஆகவில்லை. நுண்பரவல் மட்டும் உள்ளவர்களுக்கு அக்குளைத் துப்புரவாக்குவதால் கூடுதல் பயனில்லை என்று 2013இல் ஐபிசிஎஸ்ஜி 23-01 ஆய்வும் காட்டியிருக்கிறது. அக்குளைத் தொடவில்லை. மார்பகத்துக்குக் கதிர்வீச்சும் அப்புறம் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையும் முடிவாயின. லோபுலார் புற்று வயிற்று உறை, குடல், சினைப்பை என்று எதிர்பாராத இடங்களுக்கும், பல ஆண்டுகள் கழித்தும் போகக்கூடியது என்பதால், வயிற்றுத் தொந்தரவு எதுவானாலும் தள்ளிப்போடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து வேறொரு ரத்தப் பரிசோதனைக்காக வந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஊசி குத்த நீட்டிய கையையும் மற்றக் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவில் இருந்தன.

பிஜி மாணவர்களுக்கான பயிற்சிப் பெட்டியில் இந்த நிகழ்வின் ஸ்லைடுகள் இருக்கின்றன. முதல் குழியில் நோயுள்ள முதல் கணுவை வைக்கவில்லை. மூன்றாவது கணுவின் கேம் 5.2 ஸ்லைடை வைத்து, அதற்கு அடுத்த குழியில் அதே கணுவின் வெள்ளிச் சாயத்தை வைத்திருக்கிறேன்.